முதலாளியின் முதுகு

பெரிய சிஸ்டருக்கு அந்த மருத்துவமனை வைத்திருந்த பட்டப்பெயர் ‘மூக்கு’. பார்ப்பதற்கு அந்த மூக்கில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே அடியெடுத்து வைத்த மாத்திரத்திலேயே, எந்தக் கட்டிலில் சிறுநீர்ப் பை நிரம்பிக் கிடக்கிறது, எந்த நோயாளியின் வாய் இன்னும் துடைக்கப்படவில்லை, எவர் சாப்பிட்ட கையை அரைகுறையாகக் கழுவிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதையெல்லாம் அவர் சொல்லிவிடுவார். பணிக்குப் புதிதாக வந்தவர்கள் மிரண்டார்கள். பழகியவர்களோ, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் “மூக்கு வருது” என்று முணுமுணுத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். தெரியாதது போலவே இருந்துவிட்டார்.

இரத்தம், வாந்தி, சளி, மலம் ஆகிய எவையும் அவருக்கு அருவருப்பைத் தந்ததில்லை. அவை உடம்பு தன் போக்கில் செய்கின்ற காரியங்கள். அவருடைய வயிற்றைப் புரட்டக்கூடிய நாற்றம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது படுக்கைப் புண்ணின் நாற்றம். அஃது உடம்பு செய்வதன்று; பக்கத்தில் நின்றவர்கள் செய்யாமல் விட்டதனால் வருவது.

பணியில் சேர்ந்த புதிதில் வேறொரு மருத்துவமனையில் இருந்தபோது, ஒரு நோயாளியைக் குளிப்பாட்ட ஒத்தாசை வேண்டும் என்று பக்கத்து வார்டிலிருந்து அவரை அழைத்திருந்தார்கள். விபத்தில் நினைவிழந்த இளம்பெண். இயந்திரங்களில் எண்கள் எல்லாம் அழகாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணைப் பக்கவாட்டில் புரட்டியபோது விரிப்பு தனியாக வரவில்லை. தோலையும் கூட்டிக்கொண்டு வந்தது. இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், ஒரு கைமுட்டி நுழையும் அளவுக்குக் குழி. குழியின் அடியில் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. அந்த நாற்றம் அவருடைய தலைமுடியில் ஒட்டிக்கொண்டு பல நாள் போகவே இல்லை. அந்தப் பெண் விபத்தில் பிழைத்து, அந்தக் குழியினால் இறந்தாள்.

ஆதலால், பிரிவின் பொறுப்பு தம் கைக்கு வந்தபின் சிஸ்டர் எவரிடமும் தாட்சண்யம் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். முழங்கால்களுக்கு இடையே தலையணை வேண்டும். குதிகால் எதன்மீதும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். திருப்பும்போதெல்லாம் உள்ளங்கையை வால் எலும்பின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்டவர்களுக்கு, நம்மவர்களின் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும் என்று திருப்பிக் கேட்பார். கறுத்த தோல் கெடத் தொடங்கும்போது கண்ணுக்குக் காட்டாது, கைக்குத்தான் காட்டும். முதலில் அந்த இடம் கொதிக்கும். பிறகு காயைப் போல் இறுகும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால் பாரத்தை எடுத்துவிட்டாலே போதும், பிழைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் உள்ளேயிருந்து அழுகிக்கொண்டு வெளியே வரும்.

இப்படிப்பட்டவருடைய பிரிவுக்குத்தான் முதலாளி வந்து சேர்ந்தார்.

முதலாளி என்றால் பேருந்து முதலாளி. ஊருக்குள் ஓடும் தனியார் பேருந்துகளில் பாதிக்கு மேல் அவருடையவை; பேருந்து உரிமையாளர் சங்கத்துக்கும் அவரே தலைவர். நுரையீரலில் பிடித்த சளிக்காய்ச்சல் இரத்தத்தில் கலந்து, நினைவு தப்பி, வென்டிலேட்டரில் கிடந்தார். பெரிய உடம்பு, பழைய சர்க்கரை நோய். இரத்த அழுத்தம் விழாமலிருக்க அவருக்கு ஏற்றிக்கொண்டிருந்த மருந்து, இருக்கிற இரத்தத்தையெல்லாம் மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிவிட்டுத் தோலைப் பட்டினி போடுகிற மருந்து. “ஆள் பொழச்சுக்குவார் சிஸ்டர், நாளாகும். அதுவரைக்கும் முதுக நீங்க பாத்துக்குங்க” என்றார் பெரிய டாக்டர். அவர் சாதுவான மனிதர்; எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

முதலாளியைத் திருப்புவதற்கு ‘கிரேன்’ வேண்டும். கிரேன் என்பது இயந்திரம் அன்று. அந்தப் பிரிவின் ஆண் செவிலியர். எல்லாரும் பிரதர் என்று அழைக்கும் அவர், எவ்வளவு கனமான உடம்பையும் குழந்தையைத் தூக்குவது போல விரிப்போடு சேர்த்துத் தூக்கிவிடுவார். அவரும் சிஸ்டரும் இன்னோர் ஆளும் சேர்ந்து முதலாளியை இடப்பக்கம் சாய்த்து, முதுகுக்கு அணை கொடுத்து நிமிர்ந்தபோதுதான் முதல் நாள் பார்வையாளர் நேரம் தொடங்கியது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதலாளியின் மகன் நின்றிருந்தார். வழவழவென்று இஸ்திரி போட்ட சட்டை. அவர் நுழைவதற்கு முன்பே நுழைந்துவிடுகிற வாசனைத் திரவியம்.

“அப்பாவ ஏன் செவுத்தப் பாக்க வச்சிருக்கீங்க?” என்றார் அவர். “வர்றவங்க எல்லாம் மூஞ்சியப் பாக்கத்தானே வர்றாங்க?”

சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். மகன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும், மெத்தை காற்று மெத்தைதானே என்றார்; தாமே தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்த மெத்தை; அது தானாகவே ஒரு பக்கம் உப்பி ஒரு பக்கம் வற்றுகிறதே, அதற்கு மேல் மனிதன் எதற்குப் புரட்ட வேண்டும் என்றார். மெத்தை மனிதனுக்கு உதவும், மனிதனுக்குப் பதில் ஆகாது என்று சிஸ்டர் சொன்னார். மகன் தலையை ஆட்டிவிட்டு நேரே மேனேஜர் அறைக்குச் சென்றார்.

மேனேஜர் சிஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். முதலாளியின் பேருந்துகள் அத்தனையிலும் நம் மருத்துவமனை விளம்பரம் ஒட்டியிருப்பது தெரியுமா என்று விசாரித்தார். தெரியும் என்றார் சிஸ்டர். அப்படியென்றால் காலையிலும் மாலையிலும் ஆட்கள் வருகிற சமயத்தில் மட்டும் நேராகப் படுக்கவைப்பதில் என்ன நட்டம், மீதி நேரமெல்லாம் உங்கள் இஷ்டம்போல் புரட்டுங்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்று சமாதானமாகச் சொன்னார். அது வேண்டுகோள் போலத்தான் காதில் விழுந்தது. ஆனால், சிஸ்டர் திரும்பி வருவதற்குள், முதலாளியை மல்லாத்தித் தலைப்பக்கத்தைச் சாய்வு நாற்காலி போல் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

அன்று தொடங்கியது அந்தக் காட்சி.

வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தலைப்பக்கம் சிறிது உயர்ந்திருக்கத்தான் வேண்டும். ஆனால், நட்டுக்க நிமிர்த்தினால் கனத்த உடம்பு தன் பாரத்தாலேயே கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும்; உள்ளிருக்கும் சதையும் எலும்பும் மாத்திரம் இறங்கும். தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஓடுகிற நுண்ணிய இரத்தக் குழாய்கள் முறுக்கிப் பிழிந்த துணி போல் ஆகிவிடும். ஒவ்வொரு பார்வையாளர் நேரத்திலும் முதலாளி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவதையும், மகன் கையசைத்து அவரை மேலே இழுத்துவிடச் சொல்வதையும், இழுக்கும்போது அந்த முதுகு விரிப்பில் தேய்வதையும் சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்.

வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் அல்லர். சங்கத்துக்காரர்கள், டயர் கடைக்காரர்கள், உறவினர்கள், உறவினரின் சம்பந்திகள் எல்லாரும் வந்தார்கள். மகன் கல்யாண மண்டபத்து வாசலில் நிற்பதுபோல் கதவருகே நின்று கும்பிட்டு வரவேற்றார். வந்தவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, தாம் வந்ததை மகன் பார்த்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஒருவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார். இன்னொருவர், வாயில் குழாய் செருகிய முகத்துக்கு மேலேயே டீசல் விலையைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர் ஏப்பம் விட்டார். மதியம் சாப்பிட்டது இன்னதென்று சிஸ்டரின் மூக்கு அறிந்துகொண்டது. ஒருவரும் சீக்கிரம் போவதாக இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னால், இன்னும் ஒரே ஒருத்தர் படியேறிக்கொண்டிருக்கிறார் என்று மகன் சொல்வார். இப்படி, நேராகப் படுத்திருக்க வேண்டிய நேரம் மாவு புளித்துப் பொங்குவதுபோல் பொங்கி, பக்கம் திருப்ப வேண்டிய நேரத்தையெல்லாம் மூடிக்கொண்டது.

போதாக்குறைக்கு அத்தை வேறு வந்தார். முதலாளியின் ஒரே தங்கை; மகனுக்கு அத்தை. அவர் வெறுங்கையோடு வரவில்லை. மேலே வாசனையாக இருக்கட்டும் என்று பவுடர் டப்பா. முதுகில் தேய்க்க எண்ணெய். யாரோ சொன்னார்கள் என்று, உட்காரும் இடத்தில் வைப்பதற்கு நடுவில் ஓட்டை விட்ட ரப்பர் வளையம். அண்ணன் மேல் அத்தைக்குப் பாசம் இல்லை என்று சொல்வதற்கில்லை. அந்தப் பாசம் பவுடராகக் கொட்டியது. வேர்வையோடு குழைந்து, இடுக்குகளில் சுண்ணாம்புபோல் இறுகி, தோலை உப்புத்தாள்போல் அராவியது. சிஸ்டர் அந்த ரப்பர் வளையத்தை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே போட்டார். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ஏம்மா, நல்லதுக்குத்தானே வாங்கியாந்தேன்?”

“அம்மா, விரல்ல நூலச் சுத்தி இறுக்கினா நுனி என்னாகும்? இது சுத்திலும் அழுத்தும், நடுவுல ரத்தம் போகாது. எண்ணெயும் வேணாம். கன்னிப்போன எடத்தத் தேச்சா உள்ள கிழியும்.”

அத்தை ஒப்புக்கொண்டதுபோல் தலையாட்டினார். மறுநாள் வளையம் மீண்டும் முதலாளியின் அடியில் இருந்தது. அதன்மேல் அழகான பூப்போட்ட உறை வேறு.

அன்றைக்குத்தான் சிஸ்டரின் உள்ளங்கைக்கு அது தட்டுப்பட்டது. காலைக் கூட்டம் கலைந்தபின், கிரேனும் அவரும் முதலாளியைப் புரட்டி, பவுடர் சேற்றை வெந்நீரால் துடைத்தெடுத்தார்கள். வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம், சுற்றியிருந்த தோலைவிடச் சற்றே கருநீலமாக இருந்தது. கண் அதை நிழல் என்று சொல்லக்கூடும். சிஸ்டர் கையை வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் சூடு. விரலால் அழுத்தினார், பழுக்காத காய்போல் எதிர்த்தது. நாற்றம் இன்னும் இல்லை. ஆனாலும் அந்தப் பழைய நாற்றம் மூக்குக்குள் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது.

கிரேன் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “திரும்புமா சிஸ்டர்?” என்றார்.

“இனிமே முதுகு மேல பாரம் ஏறலேன்னா திரும்பும். ஏறிச்சுன்னா அடுத்த வாரம் எலும்பப் பாப்பீங்க.”

சிஸ்டர் மேனேஜரிடம் போனார். இனி ஒரு முறைகூட மல்லாத்த முடியாது என்றார். மேனேஜர் தோலில் கீறல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. சீழ் இருக்கிறதா? இல்லை. பிறகு என்னதான் இருக்கிறது? சூடு இருக்கிறது என்றார் சிஸ்டர். மேனேஜர் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். நாளை மாலை போக்குவரத்துத் துறையின் பெரிய அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறார், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். புதிய வழித்தடங்களுக்கான அனுமதி அந்த அதிகாரியின் கையில் இருக்கிறது என்பதும், முதலாளியின் முகத்தைக் காட்டி அதை வாங்கிவிட மகன் நினைக்கிறார் என்பதும் அந்த மருத்துவமனையின் லிஃப்ட் இயக்குபவர்வரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெரிய டாக்டரிடம் முறையிட்டதற்கு, அவர் பக்கம் மாற்றுவது அவசியம் என்று தயங்காமல் சொன்னார். மேனேஜரிடம் அதைத் தாமே சொல்வதற்கு மட்டும் தயங்கினார்.

மறுநாள் மாலை வந்தது. அதிகாரி வருவதற்குச் சற்று முன்னால், குழாய் வழியாகப் போகிற ஆகாரம் ஒத்துக்கொள்ளாமல், முதலாளிக்கு வயிற்றோட்டம் கண்டுவிட்டது. ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிற தோலுக்கு அதைவிடக் கெட்ட எதிரி வேறில்லை. ஈரமும் அமிலமும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் அதை ஊறப்போட்ட காகிதம்போல் ஆக்கிவிடும். சிஸ்டர் வெந்நீரும் துணியும் எடுத்துவரச் சொன்னார். கிரேன் கட்டிலைச் சுற்றித் திரையை இழுக்கத் தொடங்கினார்.

அப்போது மகன் தலையை மட்டும் திரைக்குள் நீட்டினார். “ஆபீசர் வந்துட்டாரு சிஸ்டர். ரெடியா?”

அவருக்கு வயிற்றால் போய்க்கொண்டிருக்கிறது, சுத்தம் செய்துவிட்டுக் கூப்பிடுகிறேன், வெளியே உட்காருங்கள் என்று சிஸ்டர் சொன்னார். மகன் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“மேல கனமா ஒரு கம்பளியப் போட்டு மூடுங்க. இதோ, இந்த சென்ட்டையும் கொஞ்சம் அடிங்க. அவர் போனப்புறம் பொறுமையா சுத்தம் பண்ணிக்கலாம். அப்பாவுக்கு என்ன, தெரியவா போகுது?”

சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிறிய குப்பியை எடுத்து நீட்டினார். சிஸ்டர் அந்தக் குப்பியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த, நகம் வெட்டிய, மோதிரம் போட்ட, மிகச் சுத்தமான விரல்களைப் பார்த்தார். மலத்தை அள்ளுவதில் இத்தனை வருடத்தில் வராத அருவருப்பு அந்த விரல்களைப் பார்த்தபோது அவருக்கு வந்தது. கம்பளியை எடுத்து முதலாளியின் மேல் போட்டார்.

“கூட்டிட்டு வாங்க” என்றார்.

அதிகாரி வந்தார். அவருக்குப் பின்னால் அத்தையும் டயர் கடைக்காரர் ஒருவரும் சங்கத்துக்காரர்கள் சிலரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மகன் தந்தையின் நெற்றியில் கைவைத்துத் தழுதழுத்த குரலில் ஏதோ தொடங்கினார். கிரேன் இன்னும் திரையின் கயிற்றைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

“திரைய விடுங்க பிரதர்” என்றார் சிஸ்டர். “பக்கம் திருப்புற நேரம். பிடிங்க.”

கிரேன் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு, பழகிய கைகள் வேலையைத் தொடங்கின. கம்பளி விலகியது, முதலாளி புரண்டார். சங்கத் தலைவரின் வெற்று முதுகும் பிட்டமும் தொடையும், அவற்றின்மேல் பசைபோல் குழைந்திருந்த பவுடரும் எண்ணெயும் மலமும், அதற்குள் அழுந்தியிருந்த, அத்தை மறுபடி செருகிய வளையத்தின் பூப்போட்ட உறையும் விளக்கு வெளிச்சத்தில் எல்லார் முன்னிலையிலும் வந்து நின்றன. நாற்றம் சுருள் பிரிவதுபோல் எழுந்து அறையை நிரப்பியது.

அதிகாரி கைக்குட்டையை எடுத்தார்; எடுத்த வேகத்திலேயே கதவைத் தேடினார். டயர் கடைக்காரர் கைகழுவும் தொட்டியில் ஓங்கரித்தார். ஏப்பம் விட்ட ஆசாமி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அத்தை முந்தானையை வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டார். சிஸ்டர் நிதானமாகத் துடைத்தார். ஒரு துணி, இன்னொரு துணி, மற்றுமொரு துணி. துடைத்து முடித்ததும் அந்தக் கருநீல இடம் தெரிந்தது.

“அழுகிடுச்சா?” என்று சங்கத்துக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் போதுமாயிருந்தது. சிஸ்டர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கேட்டவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்லத் தலையைக் குனிந்துகொண்டு துணியைப் பிழிந்தார்.

அறை காலியாயிற்று. மகன் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய முகத்தில் இருந்தது கோபமா அவமானமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மூச்சை உள்ளே இழுக்க வேண்டியிருந்ததனால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

களிம்பு தடவி, புதிய விரிப்பு மாற்றி, முதலாளியை வலப்பக்கம் சாய்த்து, குதிகால் அந்தரத்தில் நிற்கக் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து முடித்தார்கள். கையுறையைக் கழற்றும்போது கிரேன் சொன்னார்.

“திரையையாவது இழுத்திருக்கலாம் சிஸ்டர். அவரு நம்மள நம்பிக் கெடக்குற பேஷன்ட்டு.”

சிஸ்டர் கை கழுவப் போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். குழாய்க்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

மேனேஜர் அன்றே கூப்பிட்டார். இம்முறை உட்காரச் சொல்லவில்லை. பேருந்துகளிலிருந்து விளம்பரத்தை எடுத்துவிடப் போவதாக மகன் மிரட்டுகிறாராம். அதிகாரி போன வழியே தெரியவில்லையாம். நம் பிரிவில் ஆள் உயிரோடு அழுகுகிறார் என்று ஊரெல்லாம் பேச்சாம்.

“புண் இருக்குன்னு நீங்களா சொன்னீங்க?”

“இல்லைன்னு சொல்லல.”

மகன் கம்பளியைப் போட்டு மூடச் சொன்னதையும் சிஸ்டர் சொன்னார். மேனேஜர் பேனாவைத் திருகினார். மலத்தை மூடிவைக்கச் சொன்ன கதை வெளியே போவதும் அவருக்கு உவப்பாக இல்லை. அடுத்த மாதத்திலிருந்து புறநோயாளிகள் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அங்கே நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். திருப்புவதற்கு முதுகே இருக்காது.

அதன்பின் ஒருவரும் வரவில்லை. இதைத்தான் சிஸ்டர் எதிர்பார்த்தார். ஆயினும், அஃது இவ்வளவு சுத்தமாக நடந்துவிடும் என்று எதிர்பார்க்கவில்லை. சங்கத்துக்காரர்களுக்கு ஒரே நாளில் வெளியூர் வேலைகள் முளைத்தன. அத்தைக்கு இரத்தக் கொதிப்பாம், நாற்றம் ஆகாதாம். மகன் காலையில் ஒருமுறை வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்று, கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணாடி நாற்றத்தை விடாது என்று தெரிந்திருந்தும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே வந்து ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால், நாற்றமும் இல்லை, புண்ணும் இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும். ஒருவருக்கும் அந்த ஐயம்கூட எழவில்லை. நம்புவதற்கு அவர்கள் அவ்வளவு ஆவலாக இருந்தார்கள்.

சிஸ்டருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முதலாளி இடமும் வலமுமாக ஒழுங்காகத் திரும்பினார். முதுகின்மேல் ஓர் அவுன்ஸ் பாரம் ஏறவில்லை. ஈரம் பட்டால் உடனே துடைத்தார்கள். சிஸ்டர் ஒவ்வொரு முறையும் கையை வைத்துப் பார்த்தார். சூடு முதலில் விளிம்புகளில் தணிந்தது. பிறகு நடுவில். காய்போல் இருந்த இடம் மெல்ல மெல்ல நெகிழ்ந்து சதையாயிற்று. கருநீலம் மங்கிப் பழைய நிறத்தோடு கலந்தது. இதற்காக அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால், திறந்த கதவின் அருகே காலியாகக் கிடந்த பார்வையாளர் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம், தம் கையால் ஏதோ அழுக்கைத் தொட்டதுபோல் அவர் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

முதலாளி கண் திறந்தார். குழாயை எடுத்தார்கள். இரண்டு நாள் கரகரவென்று காற்றுதான் வந்தது. மூன்றாம் நாள் சொல் வந்தது. காலை, சிஸ்டர் அவருக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யாரு யாரு வந்தாங்க?” என்றார் முதலாளி.

சிஸ்டர் சொன்னார். சங்கம் முழுவதும் வந்தது, தங்கை தினமும் வந்தார், மகன் வாசலிலேயே நின்றார், நிற்க இடமில்லாமல் ஆட்கள் வந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். முதலாளியின் முகத்தில் ஒரு நிறைவு பரவியது. பிறகு, அந்த முகம் காலி நாற்காலியின் பக்கம் திரும்பியது.

“இப்ப ஏன் ஒருத்தனையும் காணோம்?”

நோய்த்தொற்று, கட்டுப்பாடு, டாக்டர் உத்தரவு என்று சொல்லிவிடலாம். எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் துணியைக் கிண்ணத்தில் போட்டார்.

“நான்தான் விரட்டினேன்.”

முதலாளி ஏன் என்று கேட்கவில்லை, காத்திருந்தார். பேருந்து ஓட்டுநர்கள் விபத்தைப் பற்றிச் சொல்ல வரும்போது அவர் அப்படித்தான் காத்திருப்பார் போலும். சிஸ்டர் எதையும் மறைக்கவில்லை. முதுகு கெடத் தொடங்கியதையும், எல்லாரும் அவரை நேராகவே வைத்திருக்கச் சொன்னதையும், கடைசியில் அதிகாரி முன்னாலும் சங்கத்துக்காரர்கள் முன்னாலும் தங்கை முன்னாலும் திரையை இழுக்காமல், மலத்தோடு அவரைப் புரட்டியதையும், அழுகிவிட்டதா என்று கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாததையும் சொன்னார். மகன் குப்பியை நீட்டியதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் தம் பாரம் குறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முதலாளி மேற்கூரையைப் பார்த்தார்.

“என் தங்கச்சி முன்னாடியா?”

“ஆமா.”

“துணி இல்லாம.”

“ஆமா.”

“ச்சீ” என்றார் முதலாளி.

அந்த ஒரு சொல்லை அவர் இருமலோடு சேர்த்துத் துப்பினார். பிறகு, கட்டிலின் கம்பியை ஒரு கையால் பற்றினார். கட்டிலருகே நின்றிருந்த கிரேன் உதவிக்கு ஓரடி எடுத்து வைத்ததைச் சிஸ்டர் கண்ணாலேயே நிறுத்தினார். முதலாளி மூச்சிரைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை இழுத்து, இடுப்பை இழுத்து, இத்தனை வாரத்தில் முதன்முறையாகத் தாமாகவே ஒரு பக்கம் புரண்டார். சிஸ்டரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அங்கியின் பின்பக்கம் விலகியிருந்தது. சிஸ்டர் வழக்கம்போல் குனிந்து, உள்ளங்கையை வால் எலும்பின் மேல் வைத்தார். தோல் முழுசாக இருந்தது. அக்கம்பக்கத்துத் தோலுக்கும் அதற்கும் சூட்டில் வேறுபாடு இல்லை.

“கையை எடும்மா” என்றார் முதலாளி சுவரைப் பார்த்தபடி.

சிஸ்டர் அழுத்திப் பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் அழுத்திப் பார்த்து முடித்தபின் கையை எடுத்தார். அங்கியை இழுத்து மூடினார். முழங்கால்களுக்கு இடையே தலையணையைச் செருகினார். முதலாளி காலை உதறப் பார்த்தார், உதறுவதற்குத் தெம்பில்லை.

“ரெண்டு மணி நேரம் கழிச்சு இந்தப் பக்கம் திரும்பணும்.”

“உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டா? திரும்ப மாட்டேன்.”

“நான் திருப்புவேன்” என்றார் சிஸ்டர். சொல்லிவிட்டுக் கட்டிலைச் சுற்றித் திரையை முழுவதும் இழுத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.